நரம்பாலிக்கு ஊற்றிய தண்ணீர்

நான் வேலை பார்த்த நர்சரியின் முதலாளியைப் பற்றி இன்றைக்கும் என் வாயிலிருந்து நல்ல வார்த்தை ஒன்று வராது. மனுஷர் உயிரோடுதான் இருக்கிறார். அரியலூரில் ஏதாவது கல்யாணத்தில் எதிரே வந்துவிட்டால் நான் அடுத்த பந்திக்குப் போய்விடுவேன். "இன்னுமாம்மா?" என்று என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். இன்னும்தான். எட்டு வருஷம் வளர்த்ததைப் பறிகொடுத்தவளுக்கு அந்த ஆத்திரம் ஆற அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டாமா? எனக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பறிகொடுத்தது மூன்று கன்றுகள். நரம்பாலிக் கன்றுகள். வால்பாறை எஸ்டேட்டில் ஒருவர் நரம்பாலி என்பார், இன்னொருவர் நிறம்பல்லி என்பார். நான் நரம்பாலி என்றே பழகிவிட்டேன். பைன் மரத்துக்கு அது பங்காளி. நம் பக்கத்து மலைகளில் யாரும் கொண்டுவந்து வைக்காமல் தானாக முளைக்கிற ஊசியிலைச் சாதி இது ஒன்றுதான் என்று பிற்பாடு படித்தேன். ஊசிதான் கிடையாது. இலை நல்ல அகலம், மெழுகு பூசினாற்போல் மினுமினுப்பு. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தால் நடு நரம்பு என்று ஒன்று இருக்காது, மூங்கில் இலையைப் போல நெடுகக் கோடு கோடாக ஓடும். வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அது பெரிய விஷயம்.

அக்காவை வால்பாறைக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அக்கா கொழுந்து கிள்ளினாள். அவர்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு நரம்பாலி நின்றது. அவ்வளவு நேராக ஒரு மரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்காவுக்கு அந்த மரத்தின் மேல் கிறுக்கு. நான் நர்சரியில் சேர்ந்த வருஷம் ஃபோனில் சொன்னாள்:

"நீ செடி வளக்குற எடத்துலதான வேல பாக்குற? இந்த மரத்துல ஒன்னு நம்ம பக்கம் நிக்கணும்டி. நாங்க வேலைய முடிச்சுட்டுக் கீழ வரும்போது எம் வாசல்ல நட்டுக்குடு. மலையில வேற எதையும் நான் கேக்கல. அது ஒன்னு போதும்."

சரி என்றேன். எவ்வளவு பெரிய வார்த்தையைக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போது தெரியாது.

முதல் தடவை அக்கா ஒரு பை நிறையப் பழம் அனுப்பினாள். கோலிக்குண்டு அளவில், கருநீலமாக இருந்தது. நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரி. எங்களுக்கு விதை என்றால் வெயிலில் காய வேண்டும். அவரை, பூசணி, சோளம் எதுவானாலும் சாம்பலில் புரட்டி, முறத்தில் கொட்டி, பல்லில் கடித்தால் டக்கென்று சத்தம் வருகிற வரைக்கும் காயப்போடுவோம். நரம்பாலி விதையையும் சதையைக் கழுவி, சாம்பல் போட்டு, சித்திரை வெயிலில் ஐந்து நாள் காயவைத்தேன். கடித்தும் பார்த்தேன், சத்தம் வந்தது. பெருமையாக விதைத்தேன். ஆறு மாசம் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் உள்ளே பருப்பு சுருங்கிக் கிடந்தது.

அக்கா ஃபோனில் சிரியோ சிரி என்று சிரித்தாள். "காயப் போட்டியா? இங்க மழ நின்னாத்தான அது காய? ஈரத்துலயே விழுந்து ஈரத்துலயே மொளைக்கிற சாதிடி அது. ஒரு நா காஞ்சாலும் செத்துரும்."

மறு வருஷம் ஈரப் பாசியில் பொதிந்து, ஒரு தயிர் டப்பாவில் அடைத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். கூடவே மரத்தடி மண் ஒரு சாக்கு. அந்த மண் இல்லாமல் வேர் பிடிக்காது என்று லயத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். டப்பா வந்த அன்றைக்கே, வெயில் கண்ணில் படாமல், கிணற்று மதிலை ஒட்டிய நிழலில் பதினோரு விதையையும் ஊன்றினேன்.

முளைக்க நாலரை மாசம் ஆயிற்று. முதலாளி தினமும் அந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"ஏம்மா, வெறும் சட்டிக்கு எத்தன நாளைக்குத் தண்ணி ஊத்துவ? கருவாட்டுக்குத் தண்ணி ஊத்துனா மீனாயிருமா?"

வேலைக்கு வந்த மற்ற பெண்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அரியலூர் ரோட்டில் பத்து வகைத் தென்னங்கன்றும் கொய்யாப் பதியனும் போட்டு விற்றுக்கொண்டிருந்த அறுபது வயது மனுஷர். தொழில் தெரிந்தவர். "ஒஞ் சோக்குக்கு அந்த மூலைய வச்சுக்க, போ" என்றுதான் விட்டார். இதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த மூலையைத் தந்தவர் அவர்தான்.

பதினொன்றில் ஐந்து முளைத்தது. மூன்று தங்கியது.

இரண்டாம் வருஷம் மூன்றும் மஞ்சளித்தன. உரம் வைத்தேன், மேலும் மஞ்சளித்தது. ஒரு நாள் சட்டியின் விளிம்பைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பொருக்கு. வீட்டில் வெந்நீர் போடுகிற பாத்திரத்தில் படிகிற அதே பொருக்கு. அரியலூர் பூமி முழுக்கச் சுண்ணாம்பு. சிமெண்டுக்கு வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் நாங்கள் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். எங்களுக்குப் பழகிவிட்டது. மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு அது விஷம்.

மழைத் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். எங்கள் ஊரில் மழை எத்தனை நாள்? மாசியில் டிரம் காலி. அப்போது என் மாமியாருக்கு வயிற்று வலி என்று அரியலூரில் ஒரு ஸ்கேன் செண்டருக்குக் கூட்டிப்போயிருந்தேன். காத்திருந்த இடத்தில், ஏசி மெஷினின் குழாயிலிருந்து பக்கத்துச் சந்தில் தண்ணீர் சொட்டி ஒரு பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மழைத் தண்ணீர் மாதிரியே சப்பென்று இருந்தது. அங்கே கூட்டுகிற அம்மாவிடம் கேட்டேன். "குப்பைக்குப் போற தண்ணிக்கு என்னத்துக்குடி கேள்வி, எடுத்துக்க" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும் முழுக்க எனக்கு அதுதான் வேலை. காலையில் நர்சரி ஸ்டாப்பில் இறங்காமல் நேரே அரியலூர் வரை போவேன். இரண்டு கேனில் ஏசித் தண்ணீர் பிடித்துக்கொண்டு எதிர் பஸ்ஸில் திரும்பி வருவேன். "ஊரெல்லாம் கேன்ல பாலு கொண்டு போவாங்க, இந்தம்மா தண்ணி கொண்டு போவுது" என்று கண்டக்டர் கேலி செய்வார். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை, வேறு காரணம் இல்லை. மற்ற செடிகளுக்குப் பைப்பைப் பிடித்துவிட்டு, கடைசியாக மூலைக்குப் போய்க் கேனைச் சாய்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான்.

எட்டு வருஷத்தில் மூன்றும் என் இடுப்பு உயரம் வந்தன. நேராக, அடுக்கடுக்காக, கரும்பச்சையாக. சட்டி போதாமல் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மே மாசத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிவைப்பேன். என் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோதுகூட ஒரு வேளை வந்து ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

அந்த வருஷந்தான் பெரம்பலூரில் ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தென்னங்கன்று வாங்க வந்தவர்கள் மூலையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். தாவரம் படித்தவர் ஒருவர் இலையைத் தடவிப் பார்த்து, "இது எப்படி சார் இந்த வெயில்ல?" என்றார். அவ்வளவுதான். முதலாளி முகமே மாறிவிட்டது. மறு மாசம் கல்லூரியில் மேடை போட்டு, மாலை போட்டு, அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மூன்று தொட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். தொட்டியைப் பிடித்துக்கொள்ள நான் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மேடையில் அவர் பேசினதை வரிக்கு வரி சொல்லுவேன். "நானே மல ஏறிப் போயி, அட்டக் கடியில, வெதைய எடுத்துட்டு வந்தேன். நம்ம சாத்தனூர்ல கோடி வருசமா கல்லாக் கெடக்குற மரம் இருக்கே, அதோட வாரிசுங்க இது. எம் பிள்ளைங்க மாதிரி வளத்தேன்." கைதட்டல். ஃபோட்டோ. நான் தொட்டிக்குப் பக்கத்தில் கேனோடு நின்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றான் ஃபோட்டோ எடுத்தவன்.

எனக்கு மேடை வேண்டாம், மாலையும் வேண்டாம். ஆனால் அட்டைக் கடி பட்டது என் அக்கா. அந்தப் பொய் காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. கீழே இருந்தபடியே, எல்லாருக்கும் கேட்கும்படி, "அய்யா, அது எங்கக்கா அனுப்புன வெதைங்க. வளத்தது நானுங்க" என்று சொல்லிவிட்டேன். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். முதலாளி மைக்கில், "எங்ககிட்ட வேல பாக்குற பொண்ணு, பாசத்துல பேசுது" என்று சிரித்து முடித்துவிட்டார்.

நர்சரிக்குத் திரும்பி வேனிலிருந்து தொட்டியை இறக்கி வைத்ததும் சொன்னார், "நாளையிலேருந்து நீ வர வேணாம்."

நான் அழவில்லை. "சரிங்க. எங் கன்னு மூணையும் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"எது ஒங் கன்னு? தொட்டி என்னுது. எடம் என்னுது. நெழலு என்னுது. ஊத்துன தண்ணி எங் கெணத்துத் தண்ணி. இதுல ஒன்னுது எதுன்னு சொல்லு, எடுத்துட்டுப் போ."

ஊற்றின தண்ணீர் அவர் கிணற்றுத் தண்ணீர்! வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஏதோ ஒன்று என்னைத் தடுத்தது. அறிவு என்றுகூடச் சொல்லமாட்டேன், விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிதான், உன் கிணற்றுத் தண்ணீரையே ஊற்று என்று நினைத்தேன். "ஆமாங்க, எல்லாம் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு காலிக் கேன்களை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மழைக்காலம் வரை தாங்கும். அடுத்த கோடையில் மஞ்சளிக்கும். அதற்கடுத்த கோடையில் என் வாசலுக்கு வந்து, "என்னம்மா ஊத்துன?" என்று ஊரறியக் கேட்பார். கேட்கட்டும். அப்போது சொல்லுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச இடம் இருந்தது. நிழல்வலை கட்டி மிளகாய் நாற்று, கத்தரி நாற்று போட்டேன். லப்பைக்குடிக்காட்டில் புதிதாக வீடு கட்டிய ஒருவர், துபாயிலிருந்து ஃபோனிலேயே சொல்லி வாசலுக்கு இருபது செடி வாங்கினார். அப்படியே பிழைப்பு ஓடியது. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை வேலை இருக்கிறதோ இல்லையோ அரியலூர் பஸ் ஏறுவேன். நர்சரி வரும்போது ஜன்னல் பக்கம் சாய்ந்து அந்த மூலையைப் பார்ப்பேன்.

சொன்னபடியே மஞ்சளித்தது. நரம்பாலி மஞ்சளிக்கிறபோது முதலில் இளம் இலைதான் வெளுக்கும், பழைய இலை கொஞ்ச நாள் பச்சையாகவே நின்று ஏமாற்றும். பஸ்ஸிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், அந்த வெளுத்த இலையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் என்னென்னவோ செய்தார். சாணி கரைத்து ஊற்றினார், மருந்து அடித்தார், பச்சை வலை மாற்றினார். ஒன்றை எடுத்துத் தரையிலேயே நட்டுவிட்டார். சுண்ணாம்பு மண்ணில் நட்டால் கேட்கவா வேண்டும்? மூன்றில் அதுதான் முதலில் போனது. கேள்விப்பட்ட அன்று நான் கேசரி கிண்டினேன். "என்ன விசேஷம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஒன்னுமில்ல, ஆசையா இருந்துச்சு" என்றேன்.

ஒரு நாள் முதலாளி வீட்டம்மா வந்தார். தக்காளி நாற்று வாங்குகிற மாதிரி வந்தார். நல்ல மனுஷி, எனக்குப் பிரசவமானபோது வந்து பார்த்தவர். நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏந் தாயி, அந்த மலைக் கன்னுக்கு நீ என்னமோ போடுவியாமே. அவரு நாலு நாளா சரியா சாப்புடல. என்னான்னு சொல்லேன்."

"ஒன்னும் போடலீங்கம்மா. கெணத்துத் தண்ணிதான். அய்யாவே சொன்னாருல்ல" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. நாற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேட்க வேண்டியவர் வந்து கேட்கட்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த ஆடியில் வால்பாறையில் விடாத மழை. அக்கா ஃபோன் செய்தாள். ஓடைக்கரை அரித்து மரம் வேரோடு சாய்ந்துவிட்டதாம். "காட்டுக்குள்ள எங்கயாச்சும் நிக்கும்டி. ஆனா அங்க நம்மள யாரு விடுவா? நமக்குக் கைக்கு எட்டுனது இது ஒன்னுதான்" என்று அழுதாள். பிறகு கேட்டாள், "அந்த ஆளுகிட்ட இன்னும் ரெண்டு இருக்குல்ல?"

"இருக்கு. அதுவும் போயிரும்."

"போயிச் சொல்லுடி. தண்ணி விசயத்தச் சொல்லு. யாரு வூட்டுல நின்னா என்ன, மரம் பொழைச்சாப் போதும். அதுல காய் புடிச்சா நாளைக்கு நமக்கு ஒன்னு கெடைக்கும்."

"அந்தாளு வூட்டுல நின்னு அவன் பேரு சொல்றதுக்கு அது சாவட்டும்" என்றேன்.

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆனால் அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவளுக்கு மரமும் வேண்டும், அவருக்கு ஒன்றும் மிஞ்சவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். முதலாளி வீட்டில் எல்லாரும் கீழப்பழுவூருக்குக் கல்யாணத்துக்குப் போவார்கள் என்று தெரியும். உச்சி வெயிலில் போய், வேலியில் எனக்குத் தெரிந்த சந்து வழியாக உள்ளே நுழைந்தேன். இரண்டும் நின்றன. எட்டு வருஷம் தூக்கி வளர்த்தவை, கிழவி மாதிரி வெளுத்துப்போய் நின்றன. பாவமாகத்தான் இருந்தது. பாவத்தை விழுங்கிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.

உச்சிக் குருத்தைத் தொடவில்லை. தொட்டால் வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். கீழே, பக்கக் கிளைகளில், மறைவாக இருக்கிற நுனிகளாகப் பார்த்து எட்டு குச்சி வெட்டினேன். கூடையில் ஒரு கேன் ஏசித் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். துணியை அதில் நனைத்துக் குச்சிகளைச் சுற்றினேன். கேனில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அதை அந்த இரண்டுக்கும் ஊற்றியிருக்கலாம். தொட்டியில் இருந்து ஒரு முழ தூரத்தில்தான் நின்றேன். ஊற்றவில்லை. வெளியே வந்து, பஸ் வருகிற வரைக்கும் நிழலில் நின்று, பாரம் என்று ரோட்டோரம் கவிழ்த்துவிட்டேன்.

எட்டில் இரண்டு வேர் பிடித்தது. ஆறு மாசம் ஆயிற்று. அக்காவின் பழைய மண்ணில் மிச்சமிருந்த இரண்டு படியைச் சல்லடையில் சலித்து அதில்தான் வைத்திருந்தேன். இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொண்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தில்கூட நான் பட்டதில்லை. இனி அங்கே இருப்பது எப்போது செத்தாலும் சரி. ஒன்று பங்குனியில் போனது, மற்றது சித்திரையில். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இலை உதிராமல் பழுப்பாக நின்றது.

வைகாசியில் அவரே வந்தார். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். இளைத்திருந்தார். நான் நாற்காலி போடவில்லை.

"எல்லாம் போயிருச்சும்மா. இனிமே மறைக்க என்ன இருக்கு? என்ன ஊத்துன, சொல்லு" என்றார்.

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். குரலை உயர்த்தியே சொன்னேன். "ஏசித் தண்ணிங்க. அரியலூர் ஸ்கேன் செண்டர்ல பக்கெட்டு பக்கெட்டா கீழ ஊத்துறாங்களே, அது. ரெண்டாம் வருசத்துக்கப்பறம் உங்க கெணத்துத் தண்ணில ஒரு சொட்டு அதுங்க குடிக்கல. ஆறு வருசம் நான் தூக்கியாந்தேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "சுண்ணாம்பா… எனக்குத் தோணியிருக்கணும். ஊட்டம்மாவ அனுப்புனேனே, அப்பயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"நீங்க வந்து கேக்கலியே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

எனக்கு அவரை முழுசாக முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. நிழல்வலைக்குள் கூட்டிப்போய் இரண்டு சட்டியையும் காட்டினேன். "உங்களுது போயிருச்சு. என்னுது இந்தா இருக்கு. உங்க கன்னுலேருந்துதான் வெட்டியாந்தேன். போலீஸ்ல சொல்றதுன்னா சொல்லுங்க" என்றேன்.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், சட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. குச்சியின் நுனியை ஒரு விரலால் தொட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டிருந்தது.

"எங்க வெட்டுன?"

"பக்கக் கெளையில."

"உச்சியில வெட்டலியா?"

"வெட்டுனா உங்களுக்குத் தெரிஞ்சிருமே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இது நிமிராதும்மா" என்றார். "கிறிஸ்துமஸ் மரம் விக்கிறோமே, அதுல ஒரு தடவ நூறு குச்சி இப்புடிப் பக்கத்துல வெட்டி வச்சு நான் பட்டிருக்கேன். இந்தச் சாதியெல்லாம் அப்புடித்தான். உச்சியில எடுத்தாத்தான் மரம். பக்கத்துல எடுத்தது, தான் இன்னும் கெளைன்னே நெனச்சுக்கிட்டுக் கெடக்கும். எத்தன வருசம் ஆனாலும் படுத்துதான் வளரும்."

"வயித்தெரிச்சல்ல பேசாதீங்க" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். நாங்கள் முருங்கை வளர்க்கிற ஆட்கள். முருங்கைப் போத்தை எங்கே வெட்டி எப்படிச் செருகினாலும் மரமாகும். பூவரசும் அப்படி, கிளுவையும் அப்படி. கிளையை நட்டால் மரம் வரும் என்பதை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. அவர் எழுந்து, வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்து போனார்.

மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினேன். கட்டியிருக்கும் வரை நின்றது. அவிழ்த்ததும் நுனி வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துச் சட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தேன். வெட்டிவிட்டேன், தளிர்த்தது, தளிரும் படுத்தது. தண்ணீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. இலை நல்ல கரும்பச்சை, மினுமினுப்பு. ஆறு வருஷத்தில் இரண்டு கை நீளம் வளர்ந்தது. உயரம் என் முழங்காலுக்குக் கீழே. அவர் சொன்னது உண்மையாகிப்போனதே என்கிற ஆத்திரம், அவர் செய்ததை விடப் பெரிதாக எனக்குள் வளர்ந்தது. அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டினேன். வேறு யாரைத் திட்ட?

அதற்குள் மாமாவுக்கு வேலை முடிந்தது. மாமாவின் ஊர் எறையூர். அங்கே வீட்டைச் சரி பண்ணிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். வந்த மறுநாளே அக்கா என் வீட்டுக்கு வந்தாள். முப்பது வருஷம் மலையில் இருந்தவள், வெயில் தாங்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். எனக்கு முன்னால் போனாள். நிழல்வலைக்குள் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கடி மரம்?"

கீழே காட்டினேன். அவள் குனிந்தாள். இலையைத் தடவிப் பார்த்தாள். அது நரம்பாலிதான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டம்மாவிடம் சொன்ன பொய், ரோட்டோரம் கவிழ்த்த தண்ணீர், உச்சியை விட்டுப் பக்கத்தில் வெட்டினது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள், அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை. "ரெண்டுல ஒன்ன எனக்குக் குடு" என்றாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எறையூருக்குப் போனாள்.

வாசலுக்கு நேர் எதிரில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் குழி எடுத்து, சர்க்கரை ஆலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவரச் சொல்லி நட்டிருக்கிறாள். மழைத் தண்ணீர் பிடிக்கத் தனியாக டிரம் வைத்திருக்கிறாள். குச்சி ஊன்றிக் கட்டவில்லை. அது தரையோடு தரையாகப் பரவிக் கிடக்கிறது. கோழி ஏறி நிற்கும். நான் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கொல்லைப்பக்கம் மாற்றி வையேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

போன பொங்கலுக்கு மறுநாள் போயிருந்தேன். உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன ஒரு பெண் நின்று அக்காவிடம் கேட்டாள், "என்னாக்கா செடி இது? எலையெல்லாம் அழகா இருக்கு, எந்திரிக்கவே மாட்டேங்குது?"

அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுவதை நிறுத்திவிட்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"செடியில்லம்மா, மரம். எந்தங்கச்சி எனக்காவ வளத்தது."